பாதரட்சையின் வார்

என் தகப்பனார் தம்முடைய ஆயுளில் சில ஆயிரம் ஜோடிச் செருப்புகளாவது தைத்திருப்பார். ஆனால் அவற்றைப் போட்டுக்கொண்டு நடந்தவர்களில் ஒருவருடைய பாதத்தையேனும் அவர் தொட்டது கிடையாது. வடஆர்க்காடு ஜில்லாவில், எங்கள் ஊர்ச் சந்தைமேட்டுப் புளியமரத்தடியில், சாக்கை விரித்துக் குத்தூசியும் கத்தியும் மெழுகு நூலுமாக அவர் உட்கார்ந்திருக்கும்போது, செருப்பு வேண்டிய குடியானவர் நாலடி தள்ளி நின்று, பனையோலை நறுக்கில் தம் காலைத் தாமே அளந்து, அளவுக்கு ஒரு கிள்ளுக் கிள்ளி, அதைத் தரையில் போட்டுவிட்டுப் போவார். அந்த ஓலையை எடுத்துச் செருகிக்கொள்வதோடு தகப்பனாருடைய காரியம் முடிந்துவிடாது. குடியானவர் கண்ணுக்கு மறைந்த பிறகு, அவர் நின்றிருந்த இடத்துக்குப் போய்க் குனிந்து, புழுதியில் குதிகால் எவ்வளவு ஆழம் பதிந்திருக்கிறது, பெருவிரல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, உள்ளங்கால் மண்ணைத் தொட்டிருக்கிறதா தொடாமல் வளைந்திருக்கிறதா என்றெல்லாம் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். ஓலை நீளத்தை மட்டும் சொல்லும், பாக்கிச் சமாசாரத்தைப் புழுதிதான் சொல்லவேண்டும் என்பது அவர் அபிப்பிராயம்.

நாங்கள் கிறிஸ்துவ மார்க்கத்தில் சேர்ந்தது தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, என் பாட்டனாருடைய தகப்பனார் காலத்தில். அமெரிக்கர்கள் நடத்திய ஆர்க்காடு மிஷன் அந்தப் பக்கத்தில் அப்போது ஊழியம் செய்துகொண்டிருந்தது. கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள் என்று ஊரார் எங்களைச் சொல்வதுண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும், பசித்தவனுக்கு முதலில் கஞ்சியை வார்த்துவிட்டுப் பிறகு வேதத்தை வாசித்துக் காட்டியவர்கள், வேதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசித்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தகப்பனாருக்கு எழுத்து வாசனை கிடையாது. உபதேசியார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் விரும்பிக் கேட்கும் பகுதி ஒன்றே ஒன்று: அப்போஸ்தலனாகிய பேதுரு யோப்பா பட்டணத்தில், தோல் பதனிடுகிற சீமோன் என்பவனுடைய வீட்டில் அநேக நாள் தங்கியிருந்தான் என்கிற செய்தி. அங்கே பேதுரு பேசினது என்ன, கண்ட தரிசனம் என்ன என்பதிலெல்லாம் அவருக்கு அவ்வளவு சிரத்தை இல்லை. “தோல் நாத்தம் புடிச்ச வூட்டுல தங்கினாரு பாரு, அதாண்டா விசேஷம்” என்பார். எங்கள் கோயிலிலேயே மேல்சாதிக் கிறிஸ்துவர்கள் பாயிலும் நாங்கள் வாசல் ஓரத்துத் தரையிலுமாக உட்கார்ந்திருந்த காலம் அது. ஆகையால் அவர் எதைக் குறித்து அப்படிச் சொன்னார் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

1958ல் எனக்குப் பத்தொன்பது வயது. வாணியம்பாடியில் ஒரு தோல் மண்டியில் சுண்ணாம்புத் தொட்டி வேலையில் இருந்தேன். கைவிரல் இடுக்கெல்லாம் புண். அந்தச் சமயத்தில், மிஷனைச் சேர்ந்த ஒரு குஷ்டரோக வைத்தியசாலையில் செருப்புத் தைக்கத் தெரிந்த பையன் ஒருவன் தேவையென்று உபதேசியார் சொன்னார். மாதச் சம்பளம், குடியிருக்க ஓர் அறை, வருஷத்துக்கு இரண்டு வேஷ்டி. அம்மா மூன்று நாள் அழுதாள். நான் போனதற்குக் காரணம் பக்தி என்று சொன்னால் பொய் சொன்னவனாவேன். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தப்பித்துக்கொள்ளவேண்டும் என்பதுதான் காரணம்.

அந்த வியாதியைப் பற்றி ஊரெல்லாம் என்ன நினைத்துக்கொண்டிருந்ததோ அதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்: சதை அழுகும், விரல் தானாக உதிரும், காற்றுப் பட்டாலே ஒட்டிக்கொள்ளும். நார்வே தேசத்து ஹான்சன் என்பவர் 1873லேயே அதன் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் அதன்பின் இருபத்தைந்து வருஷம் கழித்து, 1898ல், பிச்சையெடுத்துத் திரியும் குஷ்டரோகிகளைப் பிடித்து அடைப்பதற்கென்று சர்க்கார் ஒரு சட்டமே செய்தது. அந்தச் சட்டம் 2016ல்தான் ரத்தாயிற்று. சர்க்காரே அப்படியிருந்தால் சந்தைமேட்டுப் பையனைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் என்ன?

எங்கள் வைத்தியசாலை டாக்டர் முதல் நாள் எனக்குச் செய்த உபதேசம் மிகவும் சுருக்கம். ஒரு நோயாளியின் கண்ணைக் கட்டி, அவருடைய உள்ளங்காலைப் பேனா முனையால் அழுத்தி, எங்கே தொடுகிறேன் என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். “ஆரம்பிங்க ஐயா” என்றார் நோயாளி, தொட ஆரம்பிக்கவே இல்லை என்று எண்ணிக்கொண்டு. நரம்பு செத்துப்போய்விட்டது, வலி தெரியவில்லை, சமாசாரம் அவ்வளவுதான், விரலைத் தின்பது வியாதி அல்ல, முள்ளும் நெருப்பும் ஆணியும் நடையும் தின்கின்றன என்று டாக்டர் சொன்னார்.

இதை உலகத்துக்குத் தெளிவாக எடுத்துக் காட்டியவர் வேலூரில் இருந்த டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914ல் மிஷனரித் தம்பதிகளுக்குப் பிறந்து, லண்டனில் சில வருஷம் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொண்டு, அதற்குப் பிறகு வைத்தியம் படித்து, 1946ல் வேலூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தம்மால் திறக்க முடியாமல் அவர் தவித்தபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டானாம். பையனுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று கையைப் பார்த்தால், விரலில் எலும்பு தெரியும்படி சதை கிழிந்து ரத்தம் வடிகிறது, பையனுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. நமக்கு நோகிறபடியால் நாம் பூட்டை விட்டுவிடுகிறோம். அவனுக்கு விட்டுவிடச் சொல்ல ஆள் இல்லை. இரவில் எலி கடித்து விரல் போனவர்களைக் கண்டுபிடித்த பிறகு, வீட்டுக்குத் திரும்புகிற நோயாளிகளோடு பூனையையும் அனுப்பிவைத்தார்களாம். பிராண்டினிடத்தில் எனக்குப் பிரத்தியேகமான அபிமானம் ஒன்று உண்டு. அது அவருடைய சஸ்திர சிகிச்சைகளால் உண்டானதல்ல. மரத்தை இழைத்துப் பழகிய அந்த மனிதர், கைக்குச் செய்த வைத்தியத்தோடு நிற்காமல், செருப்பைப் பற்றியும் ஒரு தொழிலாளியைப் போலத் தலையை உடைத்துக்கொண்டார் என்பதனால்தான். 1966ல் அவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில், 1955ல் ஏற்பட்ட ஷெஃப்பலின் குஷ்டரோக ஆராய்ச்சி நிலையத்துக்கு என்னைப் பயிற்சிக்காக அனுப்பினார்கள். தகப்பனாரிடம் கற்ற தொழிலில் பாதியை அங்கே மறக்க வேண்டியிருந்தது. தோலுக்குப் பதிலாகக் காலுக்கு அடியில் வருவது ரப்பர்; நுண்ணிய காற்றறைகள் நிறைந்த, கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி உடனே எழும்புகிற கறுப்பு ரப்பர். எம்.சி.ஆர். என்பார்கள். அதன் மென்மைக்குக்கூட ஓர் அளவுண்டு, ஷோர் 15 டிகிரி; அதற்கு மேல் கடினமானால் காலை அறுக்கும், குறைந்தால் ஒரு மாதத்தில் அப்பளமாகிவிடும். அதற்குக் கீழே, முள் ஏறாமல் இருப்பதற்காக மோட்டார் டயரிலிருந்து அறுத்த கெட்டி அடி. பெருவிரலுக்கு வளையம் வைக்கக் கூடாது, விரலிடுக்கில் வார் போகக் கூடாது, உரசினால் தெரியாது. குதிகாலுக்குப் பின்னால் வார் அவசியம் வேண்டும். ஏனென்றால் சாதாரணச் செருப்பை நாம் நம்மை அறியாமலே விரல்களால் கவ்விக்கொண்டு நடக்கிறோம், உணர்ச்சியற்ற கால் அப்படிக் கவ்வாது, செருப்பு எங்கே கழன்று விழுந்தது என்றுகூட அதற்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று: ஆணி கூடாது. தைக்கலாம், சொலூஷன் போட்டு ஒட்டலாம். ஒரு சிறு ஆணியும் கூடாது. தேயத்தேய ஆணி மேலே ஏறும்.

ஒரு மைல் நடப்பதற்குச் சுமார் 2000 அடி எடுத்துவைக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பாதமும் ஆயிரம் தடவை மண்ணில் மோதுகிறது. நாம் அரை மைல் போனவுடன் கால் நோகிறதென்று சற்று விந்திக்கொள்கிறோம், குதிகாலை மாற்றி ஊன்றுகிறோம், புதுச் செருப்பாயிருந்தால் திட்டிக்கொண்டே கையில் எடுத்துக்கொள்கிறோம். மரத்துப்போன பாதம் ஆயிரம் தடவையும் ஒரே இடத்தில் ஊன்றும். பெருவிரல் அடிமேட்டில் முதலில் காய்ப்பு, பிறகு அதற்குள்ளே ரத்தக்கட்டு, பிறகு குழி. அந்தக் குழியை ஆற்றுவதற்குக் கால் முழுவதும் மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் வைத்திருப்பார்கள், ஆறிவிடும். ஆறின காலோடு பழைய செருப்பில் ஊருக்குப் போனால் இரண்டு மாதத்தில் அதே குழியோடு திரும்பி வருவார். டாக்டர் ஆற்றினதை ஆறினபடியே வைத்திருப்பது செருப்புக்காரன் பொறுப்பு. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பொறுப்பைத் தாங்கிய விதத்தைப் பிறகு சொல்லப்போகிறேன்.

பயிற்சி முடிந்து வந்து, என் பட்டறையில் முதல் நோயாளியை முக்காலியில் உட்காரவைத்து, தரையில் நான் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையை நீட்டினேன். பெரியவர், ஐம்பது வயதிருக்கும், ஒரு காலத்தில் நிலபுலன் இருந்தவர் என்பது பேச்சில் தெரிந்தது. அவர் காலை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டு, “வேணாம் மேஸ்திரி, நீ தொடாதே, ஒரு ஓலை குடு, நானே அளந்து போடுறேன்” என்றார்.

அந்த வார்த்தையை என் தகப்பனார் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். ஓலையை அவருக்கு எறிந்தவர்கள் தங்கள் கால் அசுத்தப்பட்டுவிடும் என்று எறிந்தார்கள். இந்தப் பெரியவர் என் கை அசுத்தப்பட்டுவிடும் என்று எறியப் பார்த்தார். நான் என்ன சொல்வதென்று தெரியாமல், ஓலை இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டேன். பயம் இல்லாமல் பிடித்தேன் என்று எண்ணவேண்டாம். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கையை ஐந்து தடவை கழுவினேன். பெரியவர் தம் காலைப் பார்க்கவே இல்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காலை மனிதக் கை தொட்டு எத்தனை காலமாயிற்றோ. தொட்டாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வார்டில் காலைவேளைக் காரியங்களில் ஒரு கிரமம் இருந்தது. வராந்தாவில் வரிசையாகப் பேசின்கள். அவற்றில் இருபது நிமிஷம் கால்களை ஊறவைப்பார்கள். வேர்வைச் சுரப்பிகளும் செயலற்றுப்போவதால் தோல் வறண்டு, கோடைக்காலத்து ஏரிபோல வெடித்திருக்கும். ஊறின பிறகு காய்ப்பைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து, ஈரத்தோடு ஈரமாக எண்ணெய் தடவவேண்டும். பிறகு ஒருவர் காலை மற்றொருவர் பார்க்கவேண்டும், தடவவேண்டும். கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. ஆகையால் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்போம். மற்ற இடத்தைவிட ஓரிடம் சூடாக இருந்தால் உள்ளே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு நடை கிடையாது. காலை நம்பாதே, கண்ணையும் கையையும் நம்பு என்பதுதான் அங்கே நாங்கள் ஓயாமல் சொல்லிக்கொடுத்த பாடம். ஆணிக் காயத்தைப் பார்த்துத் தொட்டாலொழிய நம்பமாட்டேன் என்று சொன்ன தோமாவைப் பிரசங்கிமார் அவிசுவாசி என்று கடிந்துகொள்ளும்போதெல்லாம், எங்கள் வார்டுக்கு அவனைவிடத் தகுந்த அப்போஸ்தலன் கிடையாதென்று எனக்குத் தோன்றும். உபதேசியாரிடம் ஒரு தரம் இதைச் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை.

ஒரு வருஷம் பெரிய வியாழனன்று, வெளியூர்க் குருவானவர் ஒருவர் எங்கள் சிற்றாலயத்துக்கு வந்து, ஆண்டவர் சீஷர்களுக்குச் செய்ததுபோல நோயாளிகள் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவதென்று ஏற்பாடாயிற்று. புண்ணில்லாத கால்களாகப் பார்த்து முன்னதாகவே பொறுக்கி வைத்திருந்தார்கள். பித்தளைத் தாம்பாளம், வெள்ளைத் துவாலை, ஜாடியில் வெந்நீர். வெந்நீரிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. குருவானவர் உருக்கமாக ஜெபம் பண்ணி முடித்து ஜாடியை எடுக்கும் சமயத்தில், பின்னாலிருந்த வார்டு ஆயா எழுந்து விடுவிடென்று முன்னால் வந்து, முட்டிக்கையை ஜாடிக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டு, தன் இடத்துக்குப் போய் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். ஆயா போயிராவிட்டால் பன்னிரண்டு பேரும் சிரித்த முகத்தோடு கால் வெந்துபோயிருப்பார்கள். குருவானவர் நல்லவர், விஷயம் விளங்கினவுடன் முகம் வெளுத்துவிட்டது. நான் கண்ட கால் கழுவும் ஆராதனைகளில் என் மனசுக்கு மிகவும் ஒத்தது, அந்த அம்மாளுடைய முட்டிக்கை தண்ணீருக்குள் போன அந்தக் கணம்தான்.

இனி, என் விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலையில் சேர்ந்து ஐந்தாறு வருஷமாகியிருந்தது. என் செருப்பைப் பற்றி நாலு பேர் நல்ல வார்த்தை சொல்லியிருந்தார்கள். ஊழியம் என்கிற சொல்லை என் வேலைக்கு நானே சூட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து வந்திருந்த கூலிக்காரர் ஒருவர் மாலைப் பஸ்ஸுக்குப் போகவேண்டும். அவருடைய செருப்பின் குதிகாலில் டயர் அடி விட்டுப்போயிருந்தது. சொலூஷன் போட்டால் இரவெல்லாம் காயவேண்டும், பிரித்துத் தைத்தால் இரண்டு மணி நேரமாகும். வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். சாயங்காலம் பஜனைக்கு நான் டோலக்கு வாசிக்கவேண்டும். அரை அங்குல ஆணி ஒன்றை அடித்து, முனையை மடக்கி, சுத்தியால் நன்றாகத் தட்டிக் கொடுத்தேன். பண்டிகை கழித்து வாருங்கள், தைத்துத் தருகிறேன் என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

பொங்கலுக்குப் பின் வந்தார். நல்ல முகத்தோடு, “மேஸ்திரி, செருப்பு சோக்கா கீது. குதிகால்ல மட்டும் ஈரமா கீது, இன்னான்னு பாரு” என்றார். கழற்றினேன். மடக்கின முனை நிமிர்ந்து, ரப்பரைத் துளைத்துக்கொண்டு மேலே வந்திருந்தது. மூன்று வாரம் அதன்மேல் ஏறி நடந்து, கரும்பு வெட்டி, தலைச்சுமை தூக்கியிருக்கிறார். குதி எலும்பு வரைக்கும் சீழ். மூன்று மாதம் படுக்கை. எலும்பில் ஒரு பகுதியைச் செதுக்கி எடுக்கவேண்டியதாயிற்று. அதற்குமேல் அந்தக் காலுக்கு என்ன செருப்புத் தைத்தாலும் நடை நடையாக இல்லை.

டாக்டர் அந்த ஆணியைக் கொஞ்சம் பஞ்சில் சுற்றி என் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை. நோயாளியிடம் நானே போய், இது என் கையால் வந்த காரியம் என்று சொன்னேன். அவர் சற்று நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, “எரும மாட்டுக்குத் தழ அறுக்க ஆள் இல்ல. அவ ஒருத்தியால ஆவாது” என்றார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதன் பிறகு சனிக்கிழமை மாலைதோறும் பதினொரு மைல் சைக்கிளில் போய், ஞாயிறு முழுவதும் தழை அறுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவேன். தொடர்ந்து கோயிலில் என்னைக் காணாதபடியால் உபதேசியார் கேட்டார்; சொன்னேன்; பிறகு கேட்கவில்லை. அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை மட்டும் போயிருந்தேன். மூன்று மணி நேர ஆராதனையில் ஆணி என்கிற சொல் எத்தனை தடவை வருகிறது என்பது அதற்குமுன் எனக்குத் தெரியாது.

ஊழியம் என்கிற சொல்லை அப்போதே விட்டுவிட்டேன். வேலை என்றே சொல்லிக்கொண்டேன். பட்டறையிலிருந்த ஆணி டப்பாவைக் கிணற்றில் போட்டேன். பஞ்சில் சுற்றின அந்த ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது.

ஆணி வைக்காதிருந்தால் போதும் என்று நான் எண்ணிக்கொண்டிருந்ததும் தப்பு என்று காட்டினவள், திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஓர் அம்மாள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவாள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் புண். அவளுடைய செருப்பை நானே மூன்று முறை பிரித்துத் தைத்திருந்தேன். பெருவிரல் மேட்டுக்குப் பின்னால் ஒரு சிறு திண்டு வைத்துப் பாரத்தை மாற்றிப் பார்த்தேன். மையிட்ட தகட்டின்மேல் நடக்கவிட்டுத் தடம் எடுத்துப் பார்த்தேன். தடத்தைக் காகிதத்தில் பார்க்கும்போது சந்தைமேட்டுப் புழுதி நினைவுக்கு வரும். தடத்தின்படி செருப்பு சரியாகவே இருந்தது. ஒரு நாள் தற்செயலாக அவளுடைய செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். டயரின் வரிகள் நான் தைத்துக் கொடுத்தபோது இருந்ததுபோலவே கூர்மையாக இருந்தன. பத்து மாதச் செருப்பு. பத்து மைல்கூட நடந்திருக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை பேருடைய பிரயாசை, ரப்பர் விலை, டாக்டருடைய நேரம் என்று ஒரு பெரிய பிரசங்கம் செய்தேன். அவள் கேட்டு முடித்தாள். பையிலிருந்து ஒரு தேய்ந்துபோன பிளாஸ்டிக் செருப்பை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, “அண்ணா, உன் செருப்பு ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள வந்தாதான் போடுவேன். இந்தக் கறுப்புச் செருப்பப் போட்டுக்கினு எங்க தெருவுல நடந்தா, தண்டோரா போட்ட மாதிரி ஆயிடும். பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்துக்கினு கீறோம்” என்றாள்.

எங்கள் செருப்பு ஒரே தினுசு. தடித்த கறுப்பு ரப்பர், பட்டையான கறுப்பு வார், பின்வார். ஜில்லா முழுவதும் பஸ் கண்டக்டரிலிருந்து டீக்கடைக்காரர் வரைக்கும் அதை அடையாளம் தெரியும். காலைப் பார்த்துப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டதுண்டு. எத்தனையோ டிகிரிக் கணக்கும் பாரக் கணக்கும் பார்த்த எங்களுக்கு, இதைப் பார்க்கத் தோன்றவில்லை. பழைய சட்டத்தில் நோயாளியைப் பிடிப்பதற்குப் போலீஸ்காரன் வேண்டியிருந்தது. நாங்கள் காட்டிக்கொடுக்கிற அடையாளத்தை அவர்களுடைய காலிலேயே, அன்போடும் இலவசமாகவும், கட்டி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பஜாருக்குப் போய், கடைவாசல்களில் நின்று, பெண்பிள்ளைகள் என்ன செருப்பு வாங்குகிறார்கள் என்று வெகு நேரம் பார்த்தேன். ஒரு கடைக்காரர் சந்தேகப்பட்டு விசாரித்தார். திரும்பி வந்து, ரப்பரின் விளிம்பு வெளியே தெரியாதபடி பழுப்புத் தோலால் சுற்றித் தைத்து, மேலே அரக்கு வர்ணத்தில் குறுக்குவார் இரண்டு, அதன்மேல் பித்தளைப் பூ ஒன்று, பின்வாரை மெலிதாக்கிப் புடவைக் கரைக்குள் மறையும்படி இறக்கி, ஒரு ஜோடி செய்தேன். பித்தளைப் பூவின் முள்ளை மட்டும் அறுத்தெறிந்துவிட்டு நூலால் தைத்தேன். அந்த அம்மாள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது எவ்ளோ ரூபா?” என்று கேட்டாள். எங்கள் பட்டறையில் ஒரு செருப்பைப் பார்த்து அந்தக் கேள்வியை யாரும் அதுவரை கேட்டதில்லை. ஒன்றரை ரூபாய் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எண்ணிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன், ரசீதுப் புத்தகத்தில் எந்தக் கணக்கில் வரவு வைப்பதென்று தெரியாமல் ஆபீஸ் குமாஸ்தா என்னோடு சண்டை பிடித்தார். நாலு மாதம் கழித்து அவள் வந்தபோது நான் முதலில் பார்த்தது செருப்பின் அடியைத்தான். வரிகள் பாதி அழிந்திருந்தன. குதிகாலின் வெளிப்புறம் சற்று அதிகமாகவே தேய்ந்திருந்தது. என் தொழிலில் தேய்மானத்தைக் கண்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

யோவான் ஸ்நானகன், தனக்குப் பின் வருகிறவருடைய பாதரட்சையின் வாரை அவிழ்க்கத் தான் பாத்திரன் அல்ல என்று சொன்னதைப் பற்றிப் பண்டிதர்கள் பலவிதமாக வியாக்கியானம் செய்திருக்கிறார்கள். என்னைப் போன்றவன் அதை வாசிக்கும்போது கவனிப்பது வாரைத்தான். அந்தப் பாலஸ்தீனத்துச் செருப்பில் வார் எங்கே இருந்தது, முடிச்சா, கொக்கியா, பொத்தானா? மடங்கிப்போன விரல்களால் பக்கிளைப் போடமுடியாமல் நோயாளிகள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். காலையில் செருப்பு மாட்டிக்கொள்வதற்கு அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட வெட்கப்பட்டு, வெறுங்காலோடு போனவர்கள் உண்டு. பிற்காலத்தில் வெல்க்ரோ பட்டை வந்தது. ஒட்டுவதும் பிரிப்பதும் உள்ளங்கையாலேயே முடிகிற காரியம். வெல்க்ரோ முதல் கட்டு வந்த அன்று, வார்டில் ஒரு கிழவர் தம் செருப்பைத் தாமே போடுவதும் கழற்றுவதுமாக மத்தியானம் வரைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

1981ல் உலக சுகாதார ஸ்தாபனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையைச் சிபாரிசு செய்தது. அதற்கு முன் டி.டி.எஸ். மாத்திரை ஒன்றையே வருஷக்கணக்காக, சிலர் ஆயுள் முழுவதும், விழுங்கிக்கொண்டிருந்தார்கள். புதிய மருந்து வந்த பின் வார்டில் கட்டில்கள் காலியாக ஆரம்பித்தன. கிருமி செத்தாலும் செத்த நரம்பு உயிர்க்காது; ஆகையால் பட்டறைக்கு வேலை குறையவில்லை. 1997ல் நான் ஓய்வு பெற்றேன்.

இப்பொழுது அதே எம்.சி.ஆர். செருப்பு கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, சர்க்கரை வியாதிக்காரர்களுக்கென்று. சர்க்கரையும் கால் நரம்பைத்தான் கொல்கிறது. காரில் வந்து இறங்குகிறவர்கள் விலை கேட்டு வாங்கிப்போகிறார்கள். அந்தச் செருப்பு எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தால் வாங்குவார்களோ என்னவோ. எனக்கும் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. போன வருஷம் இடது பெருவிரலில் கல் குத்தினது தெரியவில்லை. என்னிடம் தொழில் கற்றவன், இப்போது அவனே மேஸ்திரி, கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். நான் என்னையறியாமல் காலைப் பின்னுக்கு இழுத்தேன். “சும்மா இருங்கய்யா” என்று அதட்டிவிட்டு, புறங்கையை ஓரிடமாக வைத்துச் சூடு பார்த்தான். எனக்கு அவன் கை தெரிந்தும் தெரியாமலும் இருந்தது.

போன வாரம் செருப்பைக் கொண்டுவந்தான். வேலை சுத்தம், விளிம்பு மடிப்பெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடியே. ஆனால் இடதுகால் பின்வார் கால் அங்குலம் குட்டையாக இருக்கிறது, நடக்க நடக்கக் குதிநரம்பில் உரசும். சொன்னேன். இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்றான். அளந்து பார் என்றேன். அளந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல், கத்தியை எடுத்துத் தையலைப் பிரித்தான். திங்கட்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.